பழைய லேத் ஒன்றின் வயதும் பொருத்தமும்

நாம் கெடுத்த ஒரு புரியிலிருந்து இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

சில வருடங்களுக்கு முன்னர் ரொறொன்ரோவில் சிறு பட்டறை ஒன்றின் மூலையில் மைஃபோர்ட் எம்எல்7 லேத் ஒன்று நின்றது. அதன் சக் தேய்ந்து, தாடைகள் ஆடத் தொடங்கியிருந்தன. பழைய இயந்திரங்களைப் பிரித்து விற்கும் ஒருவரிடம் மைஃபோர்ட் லேத்திலிருந்து கழற்றிய சக் ஒன்று கிடப்பதாகக் கேள்விப்பட்டு வாங்கிவந்தோம். இரண்டும் மைஃபோர்ட். விட்டத்தை அளந்து பார்த்தோம், இரண்டும் 1⅛ அங்குலம். பிறகென்ன யோசனை என்று பூட்டினோம். முதற் சுற்று ஏறியது. இரண்டாவது சுற்றில் இறுகியது. ஊத்தை அடைத்திருக்கிறதாக்கும் என்று எண்ணெய் விட்டு, இரும்புக் கம்பி ஒன்றைக் கொடுத்து இருவராகச் சேர்ந்து அழுத்தினோம். கழற்றியபோது ஸ்பிண்டிலின் முன்பக்கப் புரிகள் மூன்று நசுங்கிக் கிடந்தன. அறுபது வருடங்களாக எவராலும் கெடாமலிருந்த ஒரு பொருளை ஐந்து நிமிடத்தில் கெடுத்திருந்தோம்.

விளக்கம் பிறகுதான் கிடைத்தது. அந்தச் சக் ட்ரம்மண்ட் எம் வகை லேத்துக்குரியது. இங்கிலாந்தில் கில்ட்போர்ட் நகருக்கு அருகே ட்ரம்மண்ட் சகோதரர்கள் செய்துவந்த அந்த வகையின் உற்பத்தி இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நொட்டிங்காமை அடுத்த பீஸ்ற்றனிலிருந்த மைஃபோர்ட் கொம்பனியிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆகவே மைஃபோர்ட் செய்த ட்ரம்மண்டுகள் உண்டு. அவற்றின் ஸ்பிண்டிலில் அங்குலத்துக்கு 9 புரிகள். போர் முடிந்து 1946இல் மைஃபோர்ட் புதிதாக வடிவமைத்த எம்எல்7இல் அதே விட்டத்தில் 12 புரிகள். பெயர் ஒன்று, விட்டம் ஒன்று, ஆனால் பொருந்தாது. அந்தச் சக்கின் வயதை நாம் அறிந்திருந்தால் இந்த அநியாயம் நடந்திராது.

ஊரில் கலியாணம் பேசுகிறபோது முதலில் சாதகத்தைக் கேட்பார்கள், பிறகுதான் பொருத்தம் பார்ப்பார்கள். பழைய லேத்துக்கும் அதுவே ஒழுங்கு. பிறந்த வருடமும் பிறந்த இடமும் தெரியாமல் பொருத்தம் பார்க்க முடியாது. அந்த இரண்டையும் தேடிப் போனால் ஒரு நூற்றாண்டின் தொழில் வரலாறு முழுவதும் கூடவே வருகிறது. அதைத்தான் இங்கே எழுத முற்படுகிறோம்.

*

லேத்தைத் தமிழில் கடைச்சல் பொறி என்கிறோம். வெட்டப்படும் பொருள் சுழல, வெட்டும் அலகு நகரும் என்பதே அதன் முழுத் தத்துவம். மரம் கடைவது மிகப் பழைய தொழில். ஆனால் இரும்பைத் துல்லியமாகக் கடைவதும், ஒரே அளவான புரியைத் திரும்பத் திரும்ப வெட்டுவதும் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில்தான் கைகூடின. லண்டனில் பூட்டுகள் செய்த ஜோசப் பிராமாவிடம் ஹென்றி மோட்ஸ்லி தலைமைத் தொழிலாளியாக இருந்தார். கிழமைக்கு முப்பது ஷில்லிங் சம்பளம். குடும்பத்துக்குக் காணாது, கூட்டித் தரவேண்டும் என்று கேட்டார். மறுக்கப்பட்டது. 1797இல் வெளியேறித் தனிப் பட்டறை போட்டார். 1800 அளவில் அவர் செய்த புரிவெட்டும் லேத் ஒன்று இன்றும் லண்டன் விஞ்ஞான அரும்பொருட்சாலையில் இருக்கிறது. உறுதியான இரும்புப் படுக்கை, அலகைப் பிடித்து நகர்த்தும் சறுக்கி, அதை ஓட்டும் நீண்ட புரிக்கோல், இரண்டையும் இணைக்கும் மாற்றக்கூடிய பற்சில்லுகள் ஆகிய நான்கும் ஒரு பொறியில் சேர்ந்தபோது நவீன லேத் பிறந்தது. அதற்குப் பின் வந்த லேத்துகள் யாவும் இந்த நான்கையும் திருத்திக்கொண்டவையே.

அக்காலத்தில் பிரித்தானியா தன் இயந்திரங்களை வெளியே விட விரும்பவில்லை. தேர்ச்சி பெற்ற தொழிலாளர்கள் நாட்டைவிட்டு வெளியேறுவதைத் தடுத்த சட்டம் 1824 வரை இருந்தது. இயந்திர ஏற்றுமதித் தடை 1843 வரை நீடித்தது. அப்படியிருந்தும் தொழில்நுட்பம் கடல் கடந்தது. நூற்பாலை இயந்திரங்களின் அமைப்பை மனதிலேயே ஏந்திக்கொண்டு சாமுவேல் ஸ்லேற்றர் 1789இல் அமெரிக்கா சென்ற கதை எல்லோரும் அறிந்தது. கடதாசிகளைப் பறிக்கலாம், கை அறிந்ததைப் பறிக்க முடியாது என்பதை அகதிகளாக வந்த எமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

இவ்வாறு பிரிந்து சென்றதன் விளைவு புரிகளில் பதிவாயிற்று. மோட்ஸ்லியிடம் வேலை பழகிய ஜோசப் விற்வேர்த் 1841இல் பிரித்தானியாவுக்கு ஒரு பொதுப் புரி அளவை முன்மொழிந்தார். அதன் கோணம் 55 பாகை. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் பிலடெல்பியாவில் வேறொன்றை முன்மொழிந்தார். அதன் கோணம் 60 பாகை. எண்பது வருடங்களுக்கு மேலாக இரு நாடுகளும் தத்தம் கோணத்தையே பிடித்துக்கொண்டிருந்தன. இரண்டாம் உலகப் போரில் ஒரு நாட்டின் ஆயுதத்தை மற்ற நாட்டில் செய்யவும் திருத்தவும் வேண்டி வந்தபோதுதான் இதன் விலை தெரிந்தது. 1948 நவம்பரில் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா ஆகிய மூன்றும் 60 பாகையிலான ஒரு பொதுப் புரிக்கு உடன்பட்டன. ஆகவே ஒரு பழைய லேத்தைப் பூட்டியிருக்கும் திருகாணிகளின் கோணமே அது எந்தக் கரையில் பிறந்தது என்பதற்குச் சாட்சி சொல்லும். கனடாவின் பட்டறைகளுக்கோ இரண்டு கரைகளிலிருந்தும் இயந்திரங்கள் வந்தன. இங்கே ஒரே அறையில் இரண்டு வகைப் புரிகளும் கலந்து கிடப்பதற்குக் காரணம் அதுதான்.

*

இனி வயதைக் கண்டுபிடிக்கும் வழிக்கு வருவோம். ஓர் உதாரணமாக அமெரிக்காவின் சவுத் பென்ட் லேத்தை எடுத்துக்கொள்கிறோம். இந்தியானா மாநிலத்தின் சவுத் பென்ட் நகரில் ஓ பிரையன் என்னும் இரட்டைச் சகோதரர்கள் 1906இல் தொடங்கிய தொழிற்சாலை அது. அடுத்த வருடமே லேத் வேலை பழக்கும் ஒரு சிறு புத்தகத்தையும் அவர்கள் வெளியிட்டார்கள். அது பல பதிப்புகள் கண்டு, லேத்தைத் தொட்டிராத பலருக்கும் முதல் ஆசானாக இருந்தது.

முதலில் பார்க்க வேண்டியது தொடரிலக்கம். சவுத் பென்டில் அது படுக்கையின் வலது அந்தத்தில், ரெயில்ஸ்ரொக் நிற்கும் பக்கத்தில், முன் வழித்தடங்களுக்கு இடையே பொறிக்கப்பட்டிருக்கும். பல தசாப்தங்களின் எண்ணெயும் இரும்புத் தூளும் படிந்து அது கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கும். இதற்குக் கம்பித் தூரிகையோ அரத்தாளோ ஆகாது. மண்ணெண்ணெயில் நனைத்த சீலையால் பொறுமையாக ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். பிறகு மெல்லிய கடதாசியை வைத்துப் பென்சிலால் உரசினால் இலக்கம் எழும்பி வரும். மைஃபோர்டில் எம்எல்7இன் இலக்கம் கே என்ற எழுத்துடனும், சுப்பர் 7இன் இலக்கம் எஸ்கே என்ற எழுத்துகளுடனும் தொடங்கும்.

ஆனால் இலக்கம் கிடைத்தவுடன் எல்லாம் முடிந்துவிட்டதென்று எண்ணலாகாது. படுக்கையில் உள்ள இலக்கம் படுக்கையின் வயதை மட்டுமே சொல்லும். அதன் மேலுள்ள ஹெட்ஸ்ரொக் வேறொரு லேத்திலிருந்து வந்திருக்கலாம். நிறப்பூச்சு எத்தனையோ முறை மாறியிருக்கலாம். பெயர்த் தகட்டைக் கழற்றி இன்னொன்றில் பூட்டுவது இரண்டு திருகாணி வேலை. அடையாள அட்டையை மட்டும் பார்த்து ஆளைத் தீர்மானிப்பவர்கள் எவ்வளவு தவறுவார்கள் என்பது எமக்குத் தெரியும். ஆகவே ஒரு சாட்சியை மற்றதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

தகட்டில் உள்ள முகவரி நல்ல சாட்சி. அமெரிக்க நகரங்களுக்கு 1943இல் தபால் வலய இலக்கங்கள் கொடுக்கப்பட்டன. 1963இல் ஐந்திலக்கத் தபால் குறியீடு வந்தது. ஆகவே நகரின் பெயருக்குப் பின்னால் 22 என்பது போல ஓரிலக்கமோ ஈரிலக்கமோ மட்டும் இருந்தால் அந்தத் தகடு அந்த இருபது வருடங்களுக்குள் அடிக்கப்பட்டிருக்க வேண்டும். அதேபோல, அமெரிக்கப் போர் உற்பத்திச் சபையின் ஆணைகளுக்கு அமைய இந்த இயந்திரம் செய்யப்பட்டது என்று கூறும் சிறு தகடு சில லேத்துகளில் காணப்படும். அந்தச் சபை 1942 ஜனவரியில் அமைக்கப்பட்டு 1945 நவம்பரில் கலைக்கப்பட்டது. எனவே இத்தகடு ஒன்றிருந்தால் வயதின் எல்லை நான்கு வருடங்களுக்குள் சுருங்கிவிடும். பிரித்தானிய இயந்திரங்களில் அரச உடைமையைக் குறிக்கும் அம்புக்குறி பொறிக்கப்பட்டிருப்பதும் உண்டு. துப்பாக்கிக் குழாய்க்கும் விமானத்துக்கும் பாகங்கள் கடைந்த இயந்திரங்களே பிறகு பள்ளிக்கூடங்களுக்கும் சைக்கிள் திருத்துவோருக்கும் போய்ச் சேர்ந்தன.

அடுத்த சாட்சி ஓட்டும் முறை. ஆரம்பத்தில் ஒரு தொழிற்சாலைக்கு ஒரு நீராவி இயந்திரம் அல்லது ஒரு பெரிய மோட்டர். கூரையோரமாக ஓடும் நீண்ட தண்டிலிருந்து தோற் பெல்ற்றுகள் இறங்கி ஒவ்வொரு லேத்தையும் ஓட்டும். அக்காலத்து லேத்தில் படிப்படியான கப்பி இருக்கும், மோட்டர் பூட்ட இடமிராது. பின்னர் தனித்தனி மோட்டர்கள் வந்தபோது லேத்தின் பின்புறத்திலோ அடியிலோ அதற்கென வார்ப்பிலேயே இடம் விட்டார்கள். பற்சில்லுகள் மூடியின்றித் திறந்து கிடந்தால் லேத் பழையது. முழுமையான மூடிகள் வந்தது பிற்காலத்தில். அந்த மூடிகள் எத்தனை விரல்களின் விலை என்பது எந்தத் தகட்டிலும் எழுதப்படவில்லை.

மோட்டரை மட்டும் நம்பக்கூடாது, அது பலமுறை மாற்றப்பட்டிருக்கும். ஆயினும் சில வேளைகளில் அதுவே பேசும். தென் ஒன்ராறியோவில் நீண்ட காலம் மின்சாரம் வினாடிக்கு 25 சுற்றுகளாகவே வழங்கப்பட்டது. 1949 தொடக்கம் 1959 வரையிலான பெரும் வேலைத்திட்டம் ஒன்றின் மூலமே அது 60ஆக மாற்றப்பட்டது. இங்குள்ள பழைய லேத் ஒன்றின் மோட்டர்த் தகட்டில் 25 என்று இருந்தால், அது பெரும்பாலும் அந்த மாற்றத்துக்கு முன் இங்கே வேலைக்கு வந்தது என்று கொள்ளலாம். அதை அறியாமல் இன்றைய மின்சாரத்தில் கொழுவினால் மோட்டர் இரண்டு மடங்குக்கும் கூடிய வேகத்தில் ஓட முனையும்.

*

வயது தெரிந்த பின் உறவு. இங்கே முதலில் தடுமாற வைப்பது அளவைச் சொல்லும் முறை. அமெரிக்கர்கள் லேத்தில் சுழலக்கூடிய பொருளின் விட்டத்தைச் சொல்வார்கள். பிரித்தானியர்கள் படுக்கையிலிருந்து மையம் எவ்வளவு உயரம் என்பதைச் சொல்வார்கள். அதாவது ஒருவர் விட்டத்தையும் மற்றவர் ஆரையையும் சொல்கிறார். அமெரிக்காவின் 9 அங்குல சவுத் பென்டும் யோர்க்ஷயரின் 4½ அங்குல பொக்ஸ்போர்டும் ஒரே பருமன். அறியாதவர் கண்ணுக்கு ஒன்று மற்றதில் பாதி.

பருமன் மட்டுமல்ல, இவை இரத்த உறவும் கூட. சவுத் பென்டின் 9 அங்குல வடிவம் பல நாடுகளில் பின்பற்றிச் செய்யப்பட்டது. ஹலிஃபாக்ஸ் நகரில் பொக்ஸ் ட்ரீஸ் ஆலையில் டென்ஃபோர்ட் குடும்பத்தினர் செய்தது பொக்ஸ்போர்ட். ஆலையின் பெயரில் பாதியும் குடும்பப் பெயரில் பாதியும் சேர்ந்த பெயர் அது. அவுஸ்திரேலியாவின் அடிலெய்டில் செய்தது ஹேர்க்கஸ். சுவீடனிலும் பிரேசிலிலும் கூட இதன் பிரதிகள் தோன்றின. போரும் இறக்குமதிக் கட்டுப்பாடும் நிலவிய காலத்தில் வெளியிலிருந்து வராததை உள்ளேயே செய்துகொண்டார்கள். இவற்றின் ஸ்பிண்டில் மூக்கு 1½ அங்குலம், அங்குலத்துக்கு 8 புரி என்ற அளவிலேயே பெரும்பாலும் நின்றது. ஆயினும் ஒவ்வொரு நாடும் தன் வசதிக்குச் சிறு மாற்றங்கள் செய்தது. காலம் செல்லச் செல்ல வேறுபாடு கூடியது. ஒரே பேரனின் பிள்ளைகள் நாலு நாட்டில் வளர்ந்தால் முகம் ஒத்திருக்கும், பேச்சு மாறியிருக்கும். இங்கும் அப்படித்தான். முகத்தைப் பார்த்து பாகம் வாங்கக்கூடாது, அளந்துதான் வாங்க வேண்டும்.

ஒரே கொம்பனிக்குள்ளும் கவனம் தேவை. 9 அங்குல சவுத் பென்டில் ஏ, பி, சி என மூன்று வகை. ஏ வகையில் நெம்புகளை மாற்றியே புரியின் அளவைத் தெரிவுசெய்யும் கியர்ப் பெட்டி உண்டு, குறுக்காகத் தானே நகரும் வசதியும் உண்டு. பி வகையில் தானே நகரும் வசதி உண்டு, கியர்ப் பெட்டி இல்லை, பற்சில்லுகளைக் கையால் மாற்ற வேண்டும். சி வகையில் இரண்டும் இல்லை. அது குறைந்த வருமானக்காரனுக்கு. மூன்றுக்கும் படுக்கை ஒரே வடிவம். ஆகவே சி வகையை வாங்கியவர்கள் ஏ வகையின் பெட்டியைத் தேடி அலைவார்கள். பெட்டி பொருந்தும். ஆனால் சில படுக்கைகளில் அதற்கான துளைகள் இராது, புதிதாகத் துளைக்க வேண்டும். புரிக்கோலின் அந்தமும் பெட்டிக்கு ஏற்றதாக இராது. சி வகையின் புரிக்கோலில் நீளவாட்டில் தவாளிப்பும் இல்லை. அத்தவாளிப்பு இல்லாமல் தானியங்கி நகர்வு வேலை செய்யாது. பெட்டியை மட்டும் நல்ல காசு கொடுத்து வாங்கி, கோலில்லாமல் அலுமாரியில் வைத்திருப்பவர்கள் அனேகர்.

பற்சில்லுகளுக்கு வருவோம். அங்குல நாடுகளில் பல்லின் பருமனை ஓர் எண்ணால் சொல்வார்கள். அதைக் கண்டறிவது எளிது: பற்களை எண்ணி, அதோடு இரண்டைக் கூட்டி, வெளிவிட்டத்தால் பிரித்தால் அந்த எண் வரும். 9 அங்குல சவுத் பென்டுக்கு அது 18, மைஃபோர்ட் எம்எல்7க்கு 20, அற்லஸ் கொம்பனியின் 10 அங்குல லேத்துக்கு 16. 40 பல்லுள்ள சில்லை எடுத்தால் வெளிவிட்டம் முறையே 2.333, 2.1, 2.625 அங்குலம். கண்ணால் பார்த்தே பிரித்துவிடலாம். ஆபத்து கிட்டத்தட்ட ஒத்திருப்பவற்றில்தான் இருக்கிறது. மெற்றிக் முறையில் 1.25 என்ற அளவில் செய்யப்பட்ட 40 பற்சில்லின் வெளிவிட்டம் 52.5 மில்லிமீற்றர். மைஃபோர்டினது 53.34. வித்தியாசம் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. பூட்டினால் ஓடும். சத்தம் போடும். சில மாதங்களில் இரண்டு சில்லுகளின் பற்களையும் தின்றுவிடும்.

பற்சில்லுப் பெட்டியில் 127 பல்லுள்ள பெரிய சில்லு ஒன்று கிடந்தால் அதை எறிந்துவிட வேண்டாம். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர். அதை ஐந்தால் பெருக்கினால் 127. 127 பகா எண் ஆகையால் சிறிய சில்லு எதனாலும் அதைச் சரியாக ஈடுசெய்ய முடியாது. அங்குல லேத்தில் மில்லிமீற்றர்ப் புரி பிழையில்லாமல் வெட்ட வழி செய்வது அந்தச் சில்லுதான்.

ரெயில்ஸ்ரொக்கைப் பலர் கணக்கிலெடுப்பதில்லை. ஒரே வகை, ஒரே வருடம் என்றாலும் ஒரு லேத்தின் ரெயில்ஸ்ரொக் இன்னொன்றுக்கு முழுமையாகப் பொருந்துவதில்லை. தொழிற்சாலையில் தொழிலாளி ஒருவர் அதை அதற்குரிய ஹெட்ஸ்ரொக்குடன் சோடி சேர்த்து, உயரம் ஒத்துவரும்வரை கையால் சுரண்டியிருப்பார். வேறொன்றைக் கொண்டுவந்து வைத்தால் மையம் ஒரு மயிரிழை ஏறியோ இறங்கியோ நிற்கும். இறங்கியிருந்தால் மெல்லிய தகடு வைத்து உயர்த்தலாம். ஏறியிருந்தால் திரும்பவும் சுரண்டத்தான் வேண்டும்.

தேய்மானமும் வயதுக்குச் சாட்சி. ஹெட்ஸ்ரொக்குக்கு அண்மையில்தான் வேலை அதிகம், ஆகவே படுக்கை அங்கேதான் கூடத் தேயும். மைஃபோர்ட் 7 வரிசையில் 1972 வரை சறுக்கி முன் வழித்தடத்தின் இரு பக்கங்களை மட்டும் பிடித்து நகர்ந்தது. அதன் பின் முன் வழித்தடத்தின் முன் பக்கத்தையும் பின் வழித்தடத்தின் பின் பக்கத்தையும் பிடிக்குமாறு மாற்றினார்கள். இதனால் ஒரு நல்ல வழி பிறந்தது. 1972க்கு முந்திய, தேய்ந்துபோன லேத்தில் பின் வழித்தடத்தின் பின் பக்கம் தொடப்படாமல் புதிதாகவே இருக்கும். சறுக்கியில் ஒரு பட்டையைச் சேர்த்து அந்தப் பக்கத்தில் ஓடவிட்டால் கிழட்டு லேத் நேராக நடக்கத் தொடங்கும். பிந்திய தலைமுறையின் அறிவை முந்திய தலைமுறைக்குக் கொடுக்க முடியுமான இடங்களில் இது ஒன்று.

புரியால் பூட்டும் சக்குகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வெட்டும் விசை அவற்றை இறுக்கும். ஆனால் லேத்தைப் பின்பக்கமாக ஓட்டினாலோ, ஓடும்போது சடுதியாக நிறுத்தினாலோ சக் தானே கழன்று வரும். பிற்காலத்து லேத்துகளில் ஆணிகளால் பூட்டும் மூக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அளவு சரியில்லாத சக்கை அரைகுறையாக ஏற்றி ஓட்டுபவர் லேத்தை மட்டும் ஆபத்தில் போடவில்லை.

*

இவ்வளவு விபரமும் எதற்கு, கடையில் புதிது வாங்கலாமே என்று கேட்கக்கூடும். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள். தண்ணீர் இறைக்கும் இயந்திரத்துக்குப் பாகம் வராது என்றானபோது தோட்டக்காரர் போய் நின்ற இடம் கடைச்சல் பட்டறையின் வாசல்தான். எது எதற்குப் பொருந்தும், எதைச் சிறிது கடைந்தால் எதற்குப் பொருத்தலாம் என்ற அறிவே அன்று பயிரைக் காத்தது. அந்த அறிவு எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை.

இங்கும் நிலைமை அவ்வளவு வேறல்ல. பள்ளிக்கூடங்களில் உலோக வேலை வகுப்புகள் மூடப்பட்டபோது அங்கிருந்த லேத்துகள் விற்பனைக்கு வந்தன. மாணவர்கள் அதிகம் தேய்க்காத நல்ல இயந்திரங்கள் அவை. வாங்கியவர்களிற் சிலர் அவற்றைப் பிரித்து விற்கிறார்கள். முழு லேத்தைவிடப் பாகங்களுக்கு அதிக விலை கிடைக்கிறது. அப்படிப் பிரிக்கும்போது இலக்கம் உள்ள படுக்கை பழைய இரும்புக்குப் போகிறது. இலக்கமில்லாத பாகங்கள் ஊரெல்லாம் பரவுகின்றன. எமக்குக் கிடைத்த சக் அவ்வாறு தாயைப் பிரிந்து வந்த ஒன்று.

செய்த தொழிற்சாலைகளும் இல்லை. பீஸ்ற்றனிலிருந்த மைஃபோர்ட் 2011இல் மூடப்பட்டு, பெயர் வேறொரு கொம்பனிக்குக் கைமாறியது. சவுத் பென்டின் கதையோ ஒவ்வொரு தொழிலாளியும் அறிந்திருக்க வேண்டியது. ஓ பிரையன் சகோதரர்களின் தொழிற்சாலை 1959இல் ஒரு பெரிய கொம்பனியின் கைக்குப் போனது. 1975இல் அந்தக் கொம்பனி அதைக் கைகழுவ முனைந்தபோது, அரசாங்கக் கடனுதவியுடன் தொழிலாளர்களே பங்குகளை வாங்கும் திட்டம் ஒன்று செய்யப்பட்டது. வேலை காப்பாற்றப்பட்டது என்று நாடெங்கும் பாராட்டினார்கள். ஆனால் பழைய ஓய்வூதியத் திட்டம் நிறுத்தப்பட்டது. பங்குகள் நம்பிக்கைப் பொறுப்பில் வைக்கப்பட்டன. பங்கு தொழிலாளியுடையது, வாக்கு அவனுடையதல்ல. 1980இல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தாங்களே முதலாளிகளாக இருந்துகொண்டு தங்களுக்கு எதிராகவே வேலைநிறுத்தம் செய்கிறார்கள் என்று பத்திரிகைகள் பகிடி பண்ணின. பகிடி பண்ண அதில் ஒன்றுமில்லை. உடைமை காகிதத்திலும் அதிகாரம் வேறிடத்திலும் இருந்தால் என்ன நடக்கும் என்பதைத்தான் அவர்கள் காட்டினார்கள்.

2009இல் சவுத் பென்ட் என்ற பெயரை இன்னொரு கொம்பனி வாங்கியது. பழைய தொழிற்சாலையின் பதிவு அட்டைகளும் அதனுடன் சென்றன. ஒவ்வொரு லேத்துக்கும் ஓர் அட்டை: என்ன வகை, எப்போது அனுப்பப்பட்டது, யாருக்கு. படுக்கையில் உள்ள இலக்கத்தைக் கொண்டு அந்த அட்டையைத் தேடலாம். கடற்படைக் கப்பல் ஒன்றுக்குப் போனதா, ஒரு பள்ளிக்கூடத்துக்கா என்பது அதிலிருந்து தெரியவரும். ஆனால் ரெயில்ஸ்ரொக்கைச் சுரண்டிப் பொருத்தியவரின் பெயரை அதில் தேடிப் பயனில்லை. அவரது வேலை படுக்கையின் மேல் சிறு சிறு பிறை வடிவக் கீறல்களாகத் தெரியும், அதுவும் தேயாத இடங்களில் மட்டும்.

*

நாம் கெடுத்த ஸ்பிண்டிலை மாற்றவில்லை. நசுங்கிய புரிகளை முக்கோண அரத்தால் மெதுவாக, ஒவ்வொன்றாக, மூன்று மாலைகள் இருந்து எடுத்தோம். 12 புரியுள்ள உரிய சக் ஒன்று ஒன்றரை வருடம் கழித்துக் கிடைத்தது. முதற் சுற்று சிறிது கரகரத்தது, பிறகு வழுக்கிக்கொண்டு ஏறி நின்றது. லேத் இன்றும் வேலை செய்கிறது.

மற்றச் சக்கை எறிய மனம் வரவில்லை. அதில் ஒரு பிழையுமில்லை, பிழை எம்முடையது. எண்ணெய் பூசி, ஒரு தகரத் துண்டில் எழுத்தாணியால் பொறித்துக் கட்டினோம்: ‘ட்ரம்மண்ட் எம், 1⅛ அங்குலம், 9 புரி. எம்எல்7க்கு ஆகாது.’ பின்னர் ட்ரம்மண்ட் லேத் வைத்திருந்த முதியவர் ஒருவருக்கு அதைக் கொடுத்தோம். அவர் தகரத்தை வாசித்துவிட்டுச் சக்கைத் திருப்பிப் பார்த்தார். புரியை விரலால் தடவினார். ‘யாரோ இதை வேறெதிலோ ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள்’ என்றார். நாம்தான் என்று சொன்னோம்.